12 மீட்டர் கூரையில் 3 மீட்டர் சென்சார்

ஆள் இருந்தால் எரிந்து, இல்லையென்றால் தானாக அணையும் சென்சார் விளக்கு மாட்டிய அந்தக் கிடங்கு விவகாரத்தில் ஆளாளுக்கு எழுதியதை எல்லாம் படித்துவிட்டேன். சரக்கு எண்ணிக்கொண்டிருந்தவர் தலைக்கு மேல் விளக்கு அணைந்தது அவர் தப்பாம். "கொஞ்சம் அசைந்திருக்கலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு இத்தனை லைக்!

இத்தனை வருஷமாக சென்சார் மாட்டுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் சொல்கிறேன். 3 மீட்டர் வீட்டுச் சீலிங்குக்கென்று செய்த ரேடார் சென்சாரை 12 மீட்டர் உயரத்தில் மாட்டினால் அது அசையாமல் நிற்கும் ஆளைப் பார்க்காது. அவ்வளவுதான் விஷயம்.

ஏன் என்று கேட்பீர்கள். ரேடார் அனுப்பும் அலை போய், மோதி, திரும்பி வர வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சக்தி 16-ல் ஒரு பங்கு. நான்கு மடங்கானால் 256-ல் ஒரு பங்கு. அசையாமல் நிற்பவரைக் கண்டுபிடிக்க ரேடார் நம்பியிருப்பதோ மூச்சை. மூச்சு விடும்போது நெஞ்சு சில மில்லிமீட்டர்தான் அசையும், அதுவும் பெரும்பாலும் முன்னும் பின்னுமாக. மேலே இருக்கும் சென்சாருக்குத் தெரிவது தலையும் தோளும்தான். அந்த அசைவு அதன் கண்ணில் எப்படிப் படும்?

ஒருமுறை இதேபோல உயரமான கூடத்தில், சென்சார் பார்ப்பதைத் திரையில் காட்டும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நண்பன் நடந்தான், திரையில் பச்சைப் புள்ளி கூடவே நடந்தது. ஒரு தாளைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டு நின்றான். புள்ளி மங்கியது, துடித்தது, காணாமல் போனது. ஆள் அங்கேதான் நிற்கிறான்! கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

"அணையும் நேரத்தைக் கூட்டி வைத்தால் போச்சு" என்கிறார்கள். சரி, விளக்குக்கு அது ஓடும், ஒத்துக்கொள்கிறேன். இதே சென்சாரை நம்பி ஆள் இல்லை என்று ஒரு இயந்திரம் ஓட ஆரம்பித்தால்? "பழைய பிஐஆர் போதும்" (உடல் சூடு நகர்வதைப் பார்க்கும் சென்சார்) என்பவர்களோடு நான் மல்லுக்கட்டப் போவதில்லை. அசையாத ஆளை அதுவும் பார்க்காது.

"அப்படியானால் ரேடாரே வேண்டாமா?" என்று யாராவது கேட்டால் கோபம்தான் வருகிறது. நான் எங்கே அப்படிச் சொன்னேன்? உயரத்துக்கென்றே குறுகிய கற்றையோடு செய்த ரேடார் இருக்கிறது. இல்லையென்றால் கீழே இறக்கிச் சுவரில் மாட்டுங்கள், நெஞ்சு நேராகத் தெரியும். எதை மாட்டினாலும் ஒரு ஆளை அடியில் சும்மா நிற்கவைத்துச் சோதியுங்கள். டேட்டாஷீட்டில், அதாவது சென்சாரோடு வரும் விவரத்தாளில், போட்டிருக்கும் தூரம் பெரும்பாலும் நடக்கும் ஆளுக்கு. அசையாமல் இருப்பவருக்கான தூரத்தைத் தனியாகத் தேடிப் படிக்க வேண்டும். இதைத்தான் மாட்டுவதற்கு முன்னாலேயே சொன்னேன். "உனக்கு எப்பவும் ஒரு குறை" என்றார்கள்.

என்னைச் சொன்னது போகட்டும். அங்கே ஒரு மனிதர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் இல்லை என்றது சென்சார். உடனே நீங்களும் அவர் பக்கம் ஆள் இல்லாத மாதிரிதானே பேசினீர்கள்? இருட்டில் ரேக்கைத் தடவிக்கொண்டு வெளியே வந்தவரிடம் அடிபட்டதா என்று ஒருவராவது கேட்டீர்களா?

நான் போன் செய்தேன். இப்போதெல்லாம் எண்ணும்போது நடுநடுவே கையைத் தூக்கி ஆட்டிக்கொள்கிறாராம்.