பேல் ஏலுக்கு நட்சத்திரம் போடுவதற்கு முன் கேனைத் திருப்பித் தேதியைப் பாருங்கள்

கிராஃப்ட் பீர் குடிக்கிற, அதைப் பற்றி எழுதுகிற, ஆப்பில் நட்சத்திரம் போடுகிற நண்பர்கள் எல்லோரிடமும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. ரொம்ப நாளாக உள்ளே கிடக்கிறது, இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். நீளமாகத்தான் போகும்.

போன வாரம் ஒரு பிராந்திய ப்ரூவரி, அதாவது பீர் காய்ச்சும் ஆலை, விற்கிற பேல் ஏல் என்ற வெளிர் நிற பீருக்கு வந்த கருத்துகளை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறிய வாசனை என்று எழுதி நாலரை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். அவருக்குக் கீழேயே இன்னொருவர் நனைந்த அட்டையைச் சப்பிய மாதிரி இருக்கிறது, இந்த ப்ரூவரி கெட்டுப்போய்விட்டது, இனி தொடமாட்டேன் என்று ஒன்றரை கொடுத்திருக்கிறார். இரண்டு பேரும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் குடித்த கேனின் அடியில் என்ன தேதி இருந்தது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. கீழே பேசியவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவும் இல்லை. சண்டை மட்டும் நன்றாக நடந்தது.

சில மாதங்களுக்கு முன் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றே ஒரே நாளில் அடைத்த ஒரு பேல் ஏலில் நாலு கேன் வாங்கினேன். இரண்டை ஃப்ரிட்ஜில் வைத்தேன், இரண்டை வெயில் படாத ஆனால் வெக்கையான ஓர் அலமாரியில் விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து, அலமாரிக் கேனையும் ஒரு நாள் குளிரவைத்து, ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினேன். நிறத்திலேயே வித்தியாசம் தெரிந்தது: ஃப்ரிட்ஜில் இருந்தது தேன் நிறம், அலமாரியில் இருந்தது அதைவிட ஒரு சாயல் பழுப்பு. நுரை இரண்டிலும் நன்றாகத்தான் நின்றது. மூக்கைக் கொண்டுபோனால், முதல் கிளாஸில் பம்பளிமாஸ் தோல், கொஞ்சம் பைன் பிசின், அதற்கு அடியில் லேசாக பிஸ்கட் வாசனை. இரண்டாவதில் பழ வாசனை சுத்தமாக இல்லை. ஆறிப்போன தேநீர் மாதிரி ஒன்று, அதன் பின்னால் காய்ச்சிய சர்க்கரை, விழுங்கிய பிறகு நாக்கின் பின்புறம் ஒட்டிக்கொள்கிற ஒரு காகிதத் தன்மை. கசப்பு இருக்கிறது, ஆனால் எதோடும் சேராமல் தனியாக நிற்கிறது. ஒரே தொட்டி, ஒரே ப்ரூயர், ஒரே நாள். நான் அந்த இரண்டாவது கிளாஸை மட்டும் குடித்திருந்தால் அந்த ப்ரூவரியைப் பற்றி என்ன எழுதியிருப்பேன்?

இதில் மர்மம் ஒன்றுமில்லை. பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் என்ற கொடிப் பூவின் வாசனை அதிலுள்ள எண்ணெய்களிலிருந்து வருகிறது, அவை சுலபமாக ஆவியாகிற, சுலபமாக ஆக்ஸிஜனோடு சேர்ந்து மாறிப்போகிற பொருட்கள். அதனால்தான் கசப்புக்கான ஹாப்ஸைக் கொதியின் தொடக்கத்திலும், வாசனைக்கானதைக் கடைசியிலோ கொதித்து ஆறிய பிறகோ போடுகிறார்கள். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் சேர்த்த வாசனையை, அடைக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட கொஞ்சூண்டு ஆக்ஸிஜனும் வெளியே இருக்கிற சூடும் சேர்ந்து தின்றுவிடுகின்றன. ப்ரூயர்கள் கைக்கணக்காக ஒன்று சொல்வார்கள்: 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் பீருக்கு ஏறக்குறைய ஒரே முதுமை. கறாரான விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் திசை சரி. சூடான லாரியில் மூன்று நாள் பயணம் செய்த பேல் ஏல் கடைக்கு வரும்போதே கிழடாகிவிட்டது.

வெளிச்சம் இன்னொரு எதிரி. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சுமே, கிட்டத்தட்ட அதே நாற்றத்தைத் தருகிற ஒரு கந்தகச் சேர்மமாக மாறுகிறது. பழுப்புப் பாட்டில் ஓரளவு காப்பாற்றும், பச்சையும் வெள்ளையும் காப்பாற்றாது. ஒரு கடையில் பேல் ஏல் பாட்டில்களைக் கண்ணாடி ஜன்னலில், நேர் வெயிலில், அலங்காரமாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். கடைக்காரரிடம் சொன்னேன், அழகாக இருக்கிறதே என்றார். அதை வாங்கிப்போகிறவர் இரவு ஒரு நட்சத்திரம் போடுவார். அது ப்ரூவரியின் பெயருக்குக் கீழே போய் உட்காரும், கடையின் பெயருக்குக் கீழே இல்லை.

ஏன் பேல் ஏலையே பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், ஒரு ப்ரூவரியை எடைபோட வேறு எதையும் நான் நம்புவதில்லை. இம்பீரியல் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் வறுத்த மால்ட் (முளைகட்டிய பார்லி) எத்தனையோ தவறை மூடிவிடும், எட்டு ஒன்பது சதவீத ஆல்கஹாலோடு ஹாப்ஸை அள்ளிப்போட்டுக் காய்ச்சுகிற டபுள் ஐபிஏவில் ஹாப்ஸின் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. ஐந்து சதவீதத்தையொட்டிய பேல் ஏலில் ஒளிய இடமில்லை. ஈஸ்ட் வேலையை முடிக்குமுன் அவசரப்பட்டு எடுத்தால் வெண்ணெய் வாசனையோ பச்சை ஆப்பிள் வாசனையோ வந்து நிற்கும், மால்ட் கூடினால் திகட்டும், குறைந்தால் கசப்பு பல்லில் கீறும். தண்ணீர்கூடத் தெரியும். இங்கிலாந்தின் பர்ட்டன் அபான் ட்ரென்ட் பேல் ஏலுக்குப் பெயர் வாங்கியதே அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஜிப்சத்தால்தான். ஜிப்சத்தில் உள்ள சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக, வறட்சியாக நிறுத்தும். இன்றைக்கும் உலகத்தில் எங்கோ ஒரு ப்ரூயர் தன் தண்ணீரில் ஜிப்சம் கலந்தால் அதற்கு 'பர்ட்டனைஸ்' செய்வது என்றுதான் பெயர். இந்த ஊரின் பாஸ் பேல் ஏல் லேபிளில் இருந்த சிவப்பு முக்கோணம்தான் பிரிட்டனில் பதிவான முதல் வணிகச் சின்னம், 1876-இல்.

அமெரிக்க பேல் ஏல் என்றால் சியரா நெவாடாவை விட்டுவிட்டுப் பேச முடியாது. கென் கிராஸ்மனும் பால் கமூசியும் 1979-இல் கலிஃபோர்னியாவின் சீக்கோவில் ஆரம்பித்தது, பால் பண்ணைகள் கழித்துப்போட்ட தொட்டிகளை வாங்கி வெட்டி ஒட்டி அமைத்த ப்ரூவரி. அடுத்த ஆண்டு காய்ச்சத் தொடங்கினார்கள். கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் 1972-இல்தான் விவசாயிகள் கைக்கு வந்திருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரி 1975-இல் லிபர்ட்டி ஏலில் அதன் பம்பளிமாஸ் வாசனையைக் காட்டியிருந்தது. ஆனாலும் அந்த வாசனையை தினசரிக் குடிக்கிற ஒரு பீருக்குள் கொண்டுவந்து, வருஷக்கணக்காக ஒரே மாதிரி வைத்திருந்தது சியரா நெவாடாதான். 5.6 சதவீத ஆல்கஹால், 38 கசப்பு அலகு. இன்றைக்கு இருக்கிற பீர்களோடு பார்த்தால் அந்த எண்கள் சாதாரணம், அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய கசப்பு என்று யோசித்துப் பாருங்கள். திருகித் திறக்கிற மூடியை விட்டுவிட்டு ஓப்பனர் தேவைப்படுகிற மூடிக்கு அவர்கள் மாறியதற்குக் காரணம்கூட ஆக்ஸிஜன்தான். வாடிக்கையாளருக்குத் தொந்தரவு என்று தெரிந்தே செய்தார்கள். இந்த அக்கறைக்கு எத்தனை நட்சத்திரம்?

இந்த பீரை "போரிங்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது. இரண்டு வாய் குடித்துவிட்டு, அதற்கு முன்னால் குடித்த டபுள் ஐபிஏவோடு ஒப்பிட்டு மூன்று நட்சத்திரம் போடுகிறோம். பேல் ஏல் அப்படிக் குடிப்பதற்காகச் செய்ததே இல்லை. அதன் அருமை முதல் கிளாஸ் பாதி காலியான பிறகு, கொஞ்சம் குளிர் விட்டு மால்ட் மேலே வரும்போதுதான் தெரிய ஆரம்பிக்கும். எட்டுச் சின்னக் கிளாஸைத் தட்டில் வரிசையாக வைத்துச் சுவைக்கிற பழக்கத்தில் எப்போதுமே அதிகம் கத்துகிற பீர் ஜெயிக்கும், அடக்கமானது தோற்கும்.

பிராந்திய ப்ரூவரி என்பதற்கு அமெரிக்காவின் ப்ரூயர்ஸ் அசோசியேஷன் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஆண்டுக்கு 15,000 பேரலிலிருந்து 60 லட்சம் பேரல் வரை, ஒரு பேரல் என்பது சுமார் 117 லிட்டர். கணக்குக்கு அது சரி. எனக்கு பிராந்தியம் என்றால் லாரி எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான். ஓரிகனில் பெண்ட் ஊரில் 1988-இல் தொடங்கிய டெஷூட்ஸ், மிரர் பாண்ட் பேல் ஏல் காய்ச்சுகிறது. மினசோட்டாவின் சம்மிட் 1986-லிருந்து எக்ஸ்ட்ரா பேல் ஏல் காய்ச்சுகிறது. இவை அந்தந்தப் பக்கத்தில் புதிதாகக் குடித்தவர்களுக்கு ஒரு பீர், கண்டத்தின் மறுமுனையில் ஐந்து மாதம் கழித்துக் குடித்தவர்களுக்கு வேறொரு பீர். இரண்டு பேரின் நட்சத்திரத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வருகிற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.

இங்கிலாந்தில் டிமதி டெய்லர் ப்ரூவரியின் லேண்ட்லார்ட் இன்னும் கடுமையான உதாரணம். கீத்லி ஊரின் அந்த பேல் ஏல், கேஸ்க் எனும் பீப்பாயில் 4.3 சதவீதம், பிரிட்டனின் சாம்பியன் பீர் பட்டத்தை நாலு தடவை வாங்கியது. கேஸ்க் பீருக்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், பப்பின் நிலவறையில் ஓய்வெடுத்துத் தெளிய வேண்டும், திறந்த பிறகு காற்று உள்ளே போவதால் மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதாவது பாதி வேலை ப்ரூவரியில், பாதி பப்பில். நான் முதல் தடவை குடித்த லேண்ட்லார்ட் தட்டையாக, லேசான வினிகர் நெடியோடு இருந்தது. அந்த பப்பில் அன்றைக்கு என்னைத் தவிர யாரும் அதைக் கேட்கவே இல்லை. பல மாதம் கழித்து வேறொரு இடத்தில், பம்பிலிருந்து தொடர்ந்து போய்க்கொண்டிருந்த கேஸ்க்கிலிருந்து ஒரு பைண்ட் வாங்கினேன். மார்மலேட், புல், தேன், கடைசியில் சுத்தமான கசப்பு. முதல் தடவை எழுதிய கருத்தை அன்றிரவே அழித்தேன்.

இப்போது வரவேற்பு பெறுகிற கலங்கலான பேல் ஏல்களை நான் வெறுக்கவில்லை. வெர்மான்ட்டின் ஹில் ஃபார்ம்ஸ்டெட் தாத்தாவின் பெயரில் காய்ச்சுகிற எட்வர்ட் மாதிரி ஒன்றைக் குடித்தவர்கள், பேல் ஏலுக்குள் இவ்வளவு மென்மை வருமா என்று ஆச்சரியப்படத்தான் செய்வார்கள். ஓட்ஸ், கோதுமை, நொதிக்கும்போதே போடுகிற ஹாப்ஸ், எல்லாம் சரி. ஆனால் இந்த வகைதான் ஆக்ஸிஜனுக்கு எல்லாவற்றையும்விட வேகமாகப் பலியாகிறது, மாம்பழ மஞ்சளிலிருந்து அழுக்குப் பழுப்புக்கு வந்துவிடுகிறது. இவற்றைக் குடிக்கிறவர்கள் தேதியைப் பார்க்கிறார்கள், வரிசையில் நின்று புதிதாக வாங்குகிறார்கள். அதே மனிதர், பக்கத்து அலமாரியில் இருக்கும், முப்பது வருஷமாகக் காய்ச்சிவருகிற பேல் ஏலை மட்டும் தூசி தட்டி எடுத்துவந்து தீர்ப்பு சொல்கிறார். புதுசுக்குக் கொடுக்கிற மரியாதையைப் பழைய பெயருக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேன் பற்றியும் ஒரு வார்த்தை. 2002-இல் கொலராடோவின் ஆஸ்கர் ப்ளூஸ் டேல்ஸ் பேல் ஏலைக் கேனில் அடைத்தபோது, தகர டப்பாவில் நல்ல பீரா என்று கேட்டவர்கள் நிறைய. வெளிச்சம் துளிகூட உள்ளே போகாது, மூடி வழியாக ஆக்ஸிஜன் கசியாது. பேல் ஏலுக்கு இதைவிட நல்ல பாத்திரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதற்கு ஒரே விதிவிலக்கு ஆஸ்திரேலியாவின் கூப்பர்ஸ். அடிலெய்டில் 1862-லிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிற ப்ரூவரி. அவர்களுடைய ஒரிஜினல் பேல் ஏல் பாட்டிலுக்குள்ளேயே நொதித்து அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். திறப்பதற்கு முன் பாட்டிலைப் படுக்கவைத்து மெதுவாக உருட்டினால் அந்த வண்டல் புகை மாதிரி எழுந்து பீர் முழுக்கப் பரவும். அதைப் பார்ப்பதே ஒரு சுகம். 2005-இல் பெரிய நிறுவனம் ஒன்று வாங்க வந்தபோது பங்குதாரர்கள் முடியாது என்று வாக்களித்தார்கள். எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. மிச்சிகனின் பெல்ஸ் 2021-இல் கைமாறியது. லிபர்ட்டி ஏல் தந்த ஆங்கர் 2017-இல் ஜப்பானின் சப்போரோ நிறுவனத்திடம் போனது, 2023-இல் கதவையே மூடினார்கள். மூடிய செய்தி வந்த அன்று எல்லோரும் கண்ணீர் எமோஜி போட்டோம். அதில் எத்தனை பேர் அந்த ஆண்டில் ஒரு ஆங்கர் பாட்டிலாவது வாங்கியிருந்தோம்?

சரி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். பேல் ஏல் பற்றி எழுதும்போது முதல் வரியில் மூன்று விஷயம் போடுங்கள்: அடைத்த தேதி, நீங்கள் குடித்த தேதி, கடையில் அது குளிரில் இருந்ததா வெளியில் இருந்ததா. தேதியே போடாத ப்ரூவரி என்றால் அதையும் எழுதுங்கள், அதற்கு நட்சத்திரம் குறைத்தால் நானும் உங்கள் பக்கம்தான். நான்கு மாதம் தாண்டியது என்றால் கருத்து எழுதுங்கள், நட்சத்திரம் போடாதீர்கள். அப்புறம், முடிந்தால் தனியாக, ஒரு முழு கிளாஸ் குடித்துவிட்டு எழுதுங்கள்.

என் பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்தேன், தேதி இல்லாமல் போட்டவை 41 இருக்கின்றன. இந்த வாரம் முழுக்க உட்கார்ந்து அந்த நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.