ஓரமாப் போ என்கிறவர்கள் அந்த ஓரத்தைக் காட்டுங்கள்

நேற்றுக் காலை ஏழு மணியிருக்கும். என் மகள் பள்ளிக்கூடம் போகும் வழியில், திருகோணமலை என்.சி. வீதியில் ஓரமாக நிறுத்தியிருந்த வானின் கதவை ஒருவர் படாரென்று திறக்க, அதில் மோதி சைக்கிளோடு வீதியின் நடுப்பக்கமாக விழுந்துவிட்டாள். பின்னால் வந்த பஸ் சாரதி எட்டி மிதித்த பிறேக்கால்தான் இன்றைக்கு என் பிள்ளை வீட்டில் இருக்கிறாள். முழங்கையில் தோல் உரிந்து, ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பி, வெள்ளைச் சீருடை முழுக்கக் கிரீஸ். மூன்று தரம் தோய்த்தும் கறை போகவில்லை. வானிலிருந்து இறங்கிய ஐயா அவளைத் தூக்கிக்கூட விடவில்லை, "ஓரமாப் போகத் தெரியாதா பிள்ளை?" என்று கேட்டாராம்.

எந்த ஓரத்தால் போவது? வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒன்றரை முழத்தில் மணல் கிடக்கிறது, வடிகால் மூடி ஒன்று மேலே நிற்கிறது, அடுத்தது உள்ளே இறங்கிக் கிடக்கிறது, தாருக்கு மேல் தார் போட்டுப் போட்டு விளிம்பு படி மாதிரி ஆகிவிட்டது, சில்லு அதில் இறங்கினால் திரும்ப ஏறாது, ஆளைத்தான் விழுத்தும். கார்த்திகை மார்கழி மழைக்கு அவ்வளவும் தண்ணீருக்குள் மறைந்துவிடும். இதையெல்லாம் தாண்டிக் கொஞ்சம் நல்ல இடம் இருந்தால் அங்கே ஓட்டோ, வான், சாமான் இறக்குகிற லொறி. பிள்ளை வலப்பக்கம் விலகத்தானே வேண்டும்? விலகினால் பின்னாலிருந்து ஹோர்ன்.

அந்தக் கதவு விஷயத்தைக் கொஞ்சம் கேளுங்கள். நம் நாட்டில் சாரதி வலப்பக்கம் இருக்கிறார், அவருடைய கதவு வீதிக்குள்தான் திறக்கும். வலது கையால் திறந்தால் முகம் முன்னுக்கே இருக்கும். இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய்த் திறந்து பாருங்கள், தோள் தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும், வருகிற சைக்கிள் தெரியும். ஐந்து சதம் செலவில்லை. நெதர்லாந்தில் இப்படி மறு கையால் திறக்கப் பழக்குகிறார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது நாம் நுழைகிற பிரட்ரிக் கோட்டையை ஒரு காலத்தில் வைத்திருந்த அதே ஒல்லாந்தரின் நாடுதான். அங்கேயும் சைக்கிளுக்கான பாதுகாப்பு சும்மா வரவில்லை. 1971இல் ஒரே வருடத்தில் 400க்கு மேற்பட்ட பிள்ளைகள் வாகனங்களில் அடிபட்டுச் செத்தார்கள், பெற்றவர்கள் வீதியை மறித்தார்கள், அதற்குப் பிறகுதான் சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் பெருகின. நாங்களும் எண்ணிக்கை ஏறும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேகமும் அப்படித்தான். மணிக்கு 30 கிலோமீற்றரில் வருகிற வாகனம் 50இல் வந்தால் அடியின் சக்தி ஏறக்குறைய மூன்று மடங்கு. பள்ளிக்கூட வாசலில் 30இல் போனால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்காக வரிசையில் நின்றபோது திருமலையில் யார்தான் சைக்கிளில் ஏறவில்லை? கந்தோருக்கும் சந்தைக்கும் சைக்கிள்தான், பழைய சைக்கிளுக்கும் விலை ஏறியது. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்காகப் பெற்றோல் வாங்கும் முறை வந்து பெற்றோல் கிடைத்ததும் எல்லாரும் மறந்துபோனார்கள். இன்றைக்கும் மிதிப்பவர்கள் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள், கரியலில் பெட்டி கட்டி மீன் விற்கிறவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், வயதான ஐயாமார். இவர்களுக்காகப் பேச யாரும் இல்லை, அதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

பெரிய வீதி மத்திய அரசுக்கு, உள்வீதி உள்ளூராட்சிக்கு என்று ஒருவரையொருவர் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். விழுகிற பிள்ளைக்கு இரண்டும் ஒரே தார்தான். காலையில் ஆறரை முதல் ஏழே முக்கால் வரைக்கும், பள்ளிக்கூடம் விடுகிற ஒன்றரை மணிக்கும் அந்த ஓரத்தில் ஒரு வாகனமும் நிற்கக் கூடாது என்று ஒரு பலகை போடுங்கள், போட்டதோடு விடாமல் யாராவது நின்று கண்காணியுங்கள். வடிகால் மூடியைச் சமமாக்குங்கள், தார் விளிம்பைச் சரிவாக இறக்குங்கள். தனிப் பாதை அப்புறம் வரட்டும், முதலில் இது.

ஹேண்டிலை நேற்றே நிமிர்த்தியாச்சு. நாளைக்கும் அவள் சைக்கிளில்தான் போவாள், வேறு வழியில்லை. என்.சி. வீதியால் ஏழு மணிக்கு வாகனம் கொண்டு போகிறவர்களே, உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன், இடது கையால் திறவுங்கள்.