சோகோல் விண்வெளிக்கு முன்பே பறந்தது

ரஷ்யம், செக் போன்ற ஸ்லாவிய மொழிகளில் வல்லூறைக் குறிக்கும் ‘சோகோல்’ என்னும் பெயரைத் தன் விண்வெளி உடைக்குச் சூட்டிச் சோவியத் விண்வெளித் துறைதான் உலகறியச் செய்தது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. 1862-இலேயே செக் மக்களின் பிராக் நகரில் மிரோஸ்லாவ் திர்ஷும் இந்த்ரிஷிக் ஃப்யூக்னரும் தொடங்கிய உடற்பயிற்சி இயக்கத்தின் பெயர் அதுதான். ஆஸ்திரிய ஆட்சியின் கீழிருந்த செக் மக்களுக்கு அது வெறும் தண்டால், பஸ்கி சங்கதி அல்ல. ஓர் இனம் தன் முதுகை நிமிர்த்திக்கொண்ட இடம். போலந்தியர், ஸ்லோவேனியர், குரோஷியர் எல்லோரும் அதே பெயரில் சங்கம் வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள்கூட விடவில்லை. நாஜிகள் 1941-இல் அதைத் தடைசெய்தார்கள் என்றால், எவ்வளவு அஞ்சியிருப்பார்கள்! இன்றும் பல செக் கிராமங்களில் உள்ளூர் கால்பந்து அணியின் பெயர் சோகோல்தான். சோகோல் விண்வெளி உடை வந்தது மிகப் பிந்தி: 1971-இல் சோவியத்தின் சோயுஸ் 11 விண்கலத்தில் காற்று கசிந்து, அழுத்த உடை அணியாத விண்வெளி வீரர்கள் மூவரும் இறந்த பிறகு உருவாகி, 1973-இல் சோயுஸ் 12-இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1984-இல் நம் ராகேஷ் சர்மா அணிந்து சென்றதும் இந்த வகை உடையே. அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் இது ரஷ்யர்களுக்கே உரிய பெயர் என்கிறார். அதுவும் சரியல்ல. போலந்தின் ஷ்விட்னிக் ஆலை தன் ஹெலிகாப்டருக்கு வைத்த பெயரும் இதே சொல்லின் போலந்து வடிவமான ‘சோகுவ்’தான், ஸ்லாவியர் அல்லாத அல்பேனியர்கள்கூடப் பிள்ளைகளுக்குச் சோகோல் என்று பெயரிடுகிறார்கள்.