போனார்களா, தள்ளப்பட்டார்களா?

அந்தப் பிரசங்க வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஆறு பேர் அனுப்பினார்கள். அமெரிக்காவில் மெதடிஸ்ட் சபையின் வழியில் உருவான தனிச் சபைதான் ஃப்ரீ மெதடிஸ்ட். அவர்கள் பதவி கிடைக்காத கோபத்தில் சபையை உடைத்த கோஷ்டியாம். ஒரே வரியில் முடித்துவிட்டார் அந்தப் பிரசங்கியார். அதற்கு ஆமென் சத்தம் வேறு.

ஐயா, அவர்கள் போகவில்லை. தள்ளப்பட்டார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதி, ஜெனிசி கான்பரன்ஸ், அதாவது அந்த வட்டார மெதடிஸ்ட் நிர்வாக அமைப்பு. மெதடிஸ்ட் ஆலயங்களில் பெஞ்சை வாடகைக்கு விடுவதையும் விற்பதையும் கண்டித்து 1857-ல் பி. டி. ராபர்ட்ஸ் என்ற போதகர் எழுதினார். விசாரித்துக் கண்டித்தார்கள். மறுவருடம் அதே கட்டுரையை வேறொருவர் அச்சடித்துப் பரப்ப, பழி ராபர்ட்ஸ் தலையில். பெர்ரியில் கூடிய கான்பரன்ஸ் அவரைச் சபையைவிட்டே நீக்கியது. அப்போதும் மனிதர் தனிக்கடை போடவில்லை, மேல்முறையீடு செய்தார். 1860 மே மாதம் பஃபலோவில் கூடிய பொது மாநாடு, அதாவது மெதடிஸ்ட் சபையின் உச்ச அமைப்பு, அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பிறகுதான், ஆகஸ்ட் 23, பீக்கின் என்ற சிற்றூரில், ஆப்பிள் மரத்தடியில் புதுச் சபை. இருக்கைக்குக் காசில்லை, அடிமை முறைக்கு இடமில்லை, ரகசியச் சங்க உறவு இல்லை. அதுதான் அந்த 'ஃப்ரீ'.

தள்ளிவிட்டு, "போய்விட்டான்" என்பது என்ன நியாயம்?

"அவர்கள் மட்டும் யோக்கியமா? வாத்தியம் கூடாது, நகை கூடாது என்று கெடுபிடி செய்யவில்லையா?" செய்தார்கள். அது இன்னொரு நாள் பேச்சு.

"பெஞ்சுக் காசு இல்லாமல் கட்டடக் கடனை யார் அடைப்பது?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு, முழங்கால் வலியோடு அரைமணி நேரம் முன்னாடியே வந்து அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். பேட்ஜ் குத்திய தம்பி ஒருவர் வந்து, "ஆன்ட்டி, இது டோனர் ஃபேமிலிக்கு, கொஞ்சம் பின்னாடி போங்க" என்றார். எந்தச் சபை என்று சொல்லமாட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றி, பைபிளோடு பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். நானும் பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பெண்களையும் போதகராக அபிஷேகம் செய்யச் சொல்லி 1891-ல் புத்தகமே எழுதினார் ராபர்ட்ஸ். அவர் சபையே 1974 வரை ஒப்பவில்லை. குறையில்லாத கூட்டம் என்று நான் சொல்லவே இல்லையே! உடைத்தவர்கள் என்காதீர்கள், அவ்வளவுதான்.

1910-ல் அதே ஜெனிசி கான்பரன்ஸ் தவற்றை ஒப்புக்கொண்டு, அவருடைய போதகச் சான்றுகளைத் திருப்பிக் கொடுத்தது. வாங்கிக்கொண்டவர் மகன். அப்பா செத்துப் பதினேழு வருடம்.

தயவுசெய்து ஏழாவது ஆளாக அந்த வீடியோவை அனுப்பாதீர்கள்.