கேஸில் திருப்பூருக்கு ஒரே ஒரு வரி

அக்கா மகளுக்கு ஐரோப்பாவில் ஒரு பிசினஸ் ஸ்கூலில் எம்பிஏ இடம் கிடைத்திருக்கிறது. ஒரு வருடப் படிப்பு. தகவல் வந்த அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். "மாமா, நீங்க படிச்சதுதானே. போலாமா வேண்டாமா, நேராச் சொல்லுங்க" என்றாள். போ கண்ணு என்று உடனே சொல்லிவிட்டேன். அவள் கிளம்பிய பிறகு ராத்திரி முழுக்க யோசனை. போகச் சொன்னது சரிதான். எதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்.

நான் திருப்பூரில் எட்டு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு வெளிநாடு போய்ப் படித்தவன். அந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், ஒரு டிசைன் அனுப்பினால் நூல் வாங்குவது, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒவ்வொன்றையும் விரட்டிப் பிடித்து, சொன்ன தேதிக்குள் சரக்கைத் தூத்துக்குடியில் கப்பல் ஏற்ற வேண்டும். தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் செலவு பனியன் கம்பெனியின் தலையில் விழும். பல மாத உழைப்பின் லாபம் ஒரே ஷிப்மென்டில் போய்விடும்.

இந்த அனுபவத்தோடுதான் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது மாதம் ஒரு ஆயத்த ஆடை நிறுவனத்தைப் பற்றிய கேஸ் வந்தது. கேஸ் என்றால் ஒரு நிறுவனம் சந்தித்த உண்மையான சிக்கலை, வகுப்பில் விவாதிப்பதற்காக எழுதி வைத்த பாடம். முதல் நாள் இரவு அதைப் படிக்கும்போது எனக்கு அவ்வளவு ஆவல், நம் தொழில் வருகிறதே என்று. பதினெட்டுப் பக்கம். கடைகளை எங்கே திறப்பது, புது டிசைனை எத்தனை வாரத்தில் கடைக்குக் கொண்டுவருவது, சரக்குத் தேங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று விரிவாக இருந்தது. திருப்பூர் எங்கே என்று தேடினேன். பின்னால் ஒரு அட்டவணையில், நாடுவாரியாக ஒரு மணி நேரக் கூலி போட்டிருந்த இடத்தில், 'இந்தியா' என்று ஒரு வரி இருந்தது. வேறெங்கும் இல்லை.

மறுநாள் விவாதத்தில் ஒரு மாணவர் சொன்னார்: சரக்கை நாம் ஏன் வைத்திருக்க வேண்டும்? சப்ளையரே தயாராக வைத்திருக்கட்டும், வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம். பேராசிரியர் அதைப் பலகையில் எழுதினார். எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. சப்ளையர் சரக்கை வைத்திருப்பது என்றால் என்ன என்று அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். வங்கியில் பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதி ஆர்டரைக் காட்டி வாங்கும் முன்கடன்) எடுத்து நூல் வாங்கிப் போட்டு, வட்டி கட்டிக்கொண்டு, ஜாப் ஒர்க்காக வெளியே தைத்துக் கொடுத்தவர்களுக்குப் பணம் தள்ளிப்போட்டு, அவர்கள் சனிக்கிழமை தையல்காரருக்குத் தரவேண்டிய வாரக் கூலிக்கு அலைவது. அதுதான் அந்த ஒரு வாக்கியத்தின் பொருள்.

நான் கையைத் தூக்கவில்லை. ஆங்கிலம் வராமல் இல்லை. எனக்குத் தெரிந்தது 'மேனேஜ்மென்ட்' என்ற பெயரில் சேராது என்று நானே நினைத்துக்கொண்டேன். பலகையில் எழுதப்படுவதுதான் அறிவு, பவர் டேபிள் தையல் யூனிட்டில் நின்று கற்றது வெறும் வேலை என்று ஒரு எண்ணம். அந்த மௌனம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. உலகளாவிய மேலாண்மைக் கல்வியைப் பற்றி எனக்குள்ள குறை இதுதான்: அது எல்லா நாட்டு மாணவரையும் அறைக்குள் கூட்டி வருகிறது, ஆனால் எல்லோரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைக்கிறது. அந்த நாற்காலி வாங்குபவருடையது.

கேஸ்களை வைத்துப் பாடம் நடத்தும் இந்த கேஸ் மெத்தட் எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் தொடங்கியது 1908-ல். 1919-ல் டீனாக வந்த வாலஸ் டோனம் சட்டம் படித்தவர். சட்டக் கல்லூரியில் பழைய வழக்குகளை வைத்துப் பாடம் நடத்துவது போல வணிகத்திலும் உண்மையான சிக்கல்களை வைத்தே நடத்தலாம் என்று அவர்தான் முறையாக ஏற்பாடு செய்தார். 1921-ல் எழுதப்பட்ட முதல் கேஸ் ஒரு காலணித் தொழிற்சாலையைப் பற்றியது. தொழிலாளர்கள் வேலை முடியும் நேரத்துக்கு வெகு முன்பே வேலையை நிறுத்திவிடுகிறார்கள், ஏன்? இதுதான் கேள்வி. அதாவது, இந்த முறையே தொழிற்சாலைத் தரையில் பிறந்தது. நூறு வருடத்தில் அந்தத் தரை எங்கெங்கோ போய்விட்டது, திருப்பூருக்கும் டாக்காவுக்கும் போய்விட்டது. கேஸ் மட்டும் அதன் பின்னால் வரவில்லை.

வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது, அதுவும் நம்மூரிலிருந்தே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின் 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்த விரல்களாலேயே கண்புரை அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர். ஹார்வர்ட் பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் 1993-ல் அதைக் கேஸாக எழுதினார். உலகம் முழுக்க இன்றும் அது வகுப்புகளில் ஓடுகிறது. எங்கள் வகுப்பிலும் வந்தது. பணம் கட்டும் நோயாளிகளின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை. ஒரு மருத்துவர் ஒரு மேசையில் முடித்துவிட்டுத் திரும்பினால் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் விலை அதிகம் என்றதும் 1992-ல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்து விலையைப் பல மடங்கு குறைத்தார்கள்.

அன்றைக்கு வகுப்பு வேறு மாதிரி இருந்தது. வழக்கமாக முதல் ஐந்து நிமிடத்தில் விடை சொல்லிவிடுகிறவர்கள் தடுமாறினார்கள். இங்கே வாடிக்கையாளர் யார், பணம் கொடுப்பவரா கொடுக்காதவரா? லாபம் நோக்கமில்லை என்றால் ஏன் ஒவ்வொரு நிமிடத்தையும் இவ்வளவு கணக்காகப் பார்க்கிறார்கள்? நான் கைதூக்கிப் பேசினேன். ஒரு தையல் லைனில் ஒரு டெய்லர் கை காலியாக இருந்தால் லைன் முழுக்க என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்கி அந்த இரண்டு மேசைகளை விளக்கினேன். பேராசிரியர் அதையும் பலகையில் எழுதினார்.

சி.கே. பிரகலாத் கோயம்புத்தூரில் பிறந்தவர், லயோலாவில் படித்தவர், அகமதாபாத் ஐஐஎம் போய், ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கி, மிச்சிகனில் பேராசிரியராக இருந்து 2010-ல் மறைந்தார். ஏழைகளையும் வாடிக்கையாளராகப் பாருங்கள் என்று பெரிய நிறுவனங்களிடம் வாதாடியவர் அவர். பிசினஸ் ஸ்கூல்களின் பார்வையை எங்கள் பக்கம் திருப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே மிச்சிகனில் இருந்த அனில் கர்னானி அதை மறுத்தார். ஏழைகளுக்கு எதை விற்கலாம் என்று பார்க்காதீர்கள், அவர்களை உற்பத்தி செய்பவர்களாகப் பாருங்கள், அவர்கள் வருமானம் உயர வழி தேடுங்கள் என்றார். பிரகலாத் மேல் எனக்கு எவ்வளவோ மரியாதை. ஆனாலும் இந்த ஒன்றில் கர்னானி பக்கம்தான் நான். திருப்பூரில் வளர்ந்தவனுக்கு வேறு பக்கம் தெரியாது.

பிசினஸ் ஸ்கூல்கள் 'உலகளாவிய' என்ற சொல்லை அளப்பது எப்படி என்று பாருங்கள். ஃபைனான்சியல் டைம்ஸ் 1999 முதல் வெளியிடும் எம்பிஏ தரவரிசையில் வெளிநாட்டு மாணவர் எத்தனை சதவீதம், வெளிநாட்டு ஆசிரியர் எத்தனை சதவீதம், நிர்வாகக் குழுவில் வெளிநாட்டவர் எத்தனை என்று கணக்கு இருக்கிறது. படித்து முடித்து மூன்று வருடம் கழித்து என்ன சம்பளம் என்பதற்குப் பெரிய எடை. பாஸ்போர்ட்டை எண்ணுகிறார்கள். அந்த வருடம் வகுப்பில் விவாதித்த கேஸ்களில் எத்தனை, பொருளை உண்டாக்கும் ஊரில் நின்று எழுதப்பட்டவை என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ணினால் அடுத்த வருடமே பாடத்திட்டம் மாறும், ஏனென்றால் அந்தத் தரவரிசைக்கு எல்லா ஸ்கூலும் பயப்படுகிறது.

எனக்குப் படிப்பு பயன்படவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நிறையவே பயன்பட்டது. பையர் எப்படி யோசிக்கிறார் என்று தெரிந்தது. அவருடைய கணக்கில் சரக்கு இருப்பு நாட்கள் குறைந்தால் எங்கள் கணக்கில் அது கூடுகிறது என்பதை எண்ணாகப் போட்டுக் காட்டத் தெரிந்தது. திரும்பி வந்து, 90 நாள் கழித்துப் பணம் என்ற ஒரு ஒப்பந்தத்தை 60 நாளுக்குக் கொண்டுவந்தேன் என்றால் அந்த வகுப்பில் கற்ற கணக்குதான் காரணம். கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைகள் மட்டும் வட்டியை மாத வாரியாக எழுதிப் பார்த்துவிட்டுப் போங்கள். ஹார்வர்டில் ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டுமே 75,000 டாலருக்கு மேல், ஐரோப்பாவிலும் பெரிய ஸ்கூல்கள் மலிவில்லை.

அப்புறம், குற்றம் அவர்கள் மேல் மட்டும் இல்லை. நம் ஊர் எம்பிஏ கல்லூரிகளைப் பாருங்கள். கல்லூரி வாசலில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் சாயப்பட்டறை, கறிக்கோழிப் பண்ணை, விசைத்தறி, பம்ப் செட் பட்டறை எல்லாம் வந்துவிடும். உள்ளே நடப்பது அமெரிக்கக் காபிக் கடையின் கேஸ். அகமதாபாத் ஐஐஎம் 1961-ல் ஹார்வர்டின் துணையோடுதான் தொடங்கியது. கேஸ் மெத்தட் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அவர்கள் முறையை வாங்கிக்கொண்டு விஷயத்தை இங்கே தேடினார்கள். விவசாயத்துக்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள். முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய் பதவியிலிருந்து தானே இறங்கி, 1975-ல் ராஜஸ்தானின் ஜவாஜா பகுதிக்குப் போய் நெசவாளர்களோடும் தோல் தொழிலாளர்களோடும் உட்கார்ந்து, மேலாண்மை அங்கே எப்படி உதவும் என்று வருடக்கணக்கில் பார்த்தார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒருவரால் முடிந்தது.

கேஸ் எழுத நிறுவனம் சம்மதிக்க வேண்டும், கணக்கைக் காட்ட வேண்டும். நாம் காட்ட மாட்டோம். பக்கத்துக் கம்பெனிக்குத் தெரிந்துவிடும், பையருக்குத் தெரிந்துவிடும் என்று பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. நானே அந்தப் பயத்தோடு வேலை பார்த்தவன். ஆனால் நம் கதையை நாம் எண்களோடு எழுதிக் கொடுக்காதவரை, அந்த அட்டவணையில் நாம் ஒரு மணி நேரக் கூலியாகவே இருப்போம்.

எழுத விஷயத்துக்கா பஞ்சம்? 2020 மார்ச்சில் தைத்து முடித்த சரக்குக்கே ஆர்டர் ரத்து என்று மெயில் வந்தது. 2022-ல் நூல் விலை ஏறிய ஏற்றத்தில், மாதம் பிறந்தால் மில்லிலிருந்து என்ன விலை வரும் என்று ஊரே காத்துக் கிடந்தது. ஆர்டர் விலையோ மாதங்களுக்கு முன்பே பேசி முடித்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அதை யார் சுமப்பது என்ற பேச்சு ஒவ்வொரு அலுவலகத்திலும் நடந்தது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது 2011. நொய்யல் ஆற்றில் கழிவுநீர் கலப்பதை நிறுத்தவில்லை என்று அந்த ஜனவரிக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தேக்கமாகவே மாறிப்போயிருந்த காலம். ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். தண்ணீரைச் சவ்வு வழியே வடித்து, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைப் பிரித்தெடுத்து, இரண்டையும் திரும்பப் பயன்படுத்துவது. பெரும் செலவு. நீதிமன்றம் சொன்னது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் செலவு கிலோவுக்கு எவ்வளவு, அதில் எத்தனை ரூபாயை ஐரோப்பியக் கடையில் டி-ஷர்ட் வாங்குபவர் தருகிறார், சுற்றுச்சூழல் சான்றிதழ் கேட்கும் பையர் விலையில் என்ன சேர்த்தார்? சட்டம், ஆறு, விவசாயி, வங்கிக் கடன், வேறு நாட்டுப் போட்டி எல்லாம் ஒரே முடிச்சில் இருக்கிறது. உலகளாவிய மேலாண்மை என்ற தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான கேஸ் எனக்குத் தெரியாது.

அதனால் இரண்டு வாரமாக நானும் அக்கா மகளும் ஒரு வேலையில் இறங்கியிருக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு சாயப்பட்டறைக்காரர், பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு 2010 முதல் 2014 வரையிலான தன் கணக்குகளைக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறோம். மூடிய அன்று கையில் எத்தனை ஆர்டர், எவ்வளவு கடன், எத்தனை ஆள், ஒவ்வொன்றாக. அவள் கிளம்புவதற்குள் பதினைந்து பக்கம் ஆகிவிடும். போய்ச் சேர்ந்ததும் பேராசிரியர் ஒருவரிடம் கொடுத்து, வகுப்பில் எடுக்கிறீர்களா என்று கேட்கப்போகிறாள்.

போன ஞாயிறு எழுதிக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டு, "மாமா, நாமும் முதலாளி நாற்காலியில உட்கார்ந்துதான் எழுதுறோம்" என்றாள். பட்டறை மூடியதும் சொந்த ஊருக்குத் திரும்பிய ஆட்கள் இதில் ஒரு வரிதான் என்றாள். அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர் ஒரு வரிகூட இல்லை. திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. ஏழு பக்கம் எழுதியிருந்தோம், அத்தனையும் அப்படித்தான்.

இந்த ஞாயிறு திண்ணைக்குப் போகவில்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒரத்துப்பாளையம் போகிறோம். அந்தப் பக்கத்து விவசாயிகள் யாருக்காவது இதைப் பற்றிப் பேச விருப்பம் இருந்தால் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள்.