அந்த ஒரு இரவு மட்டும் போதாது

லாஸ் ஏஞ்சல்ஸில் 1871 அக்டோபர் 24 இரவு ஒரு வெறிக்கும்பலால் கொல்லப்பட்ட சீனர்களுக்கு, கல்லாய் உறைந்த ஆலமர அடிமரங்கள் போன்ற சிற்பங்களை நினைவிடமாக வைக்கப்போவதைப் பற்றிய கட்டுரை நன்று. வடிவமைப்பும் எனக்குப் பிடித்திருக்கிறது. மூலிகை வைத்தியர் ஜீன் டாங், பணம் தருகிறேன் என்று கெஞ்சியும் விடாமல் கொன்று, மோதிரத்துக்காக விரலையே வெட்டியெடுத்தார்கள். தண்டனை பெற்ற எட்டுப் பேரும் மேல்முறையீட்டில் தப்பிவிட்டார்கள். இதையெல்லாம் அங்கே கட்டாயம் எழுதிவைக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கும்பலால் சீனர்கள் வாழ்ந்த சைனாடவுன் பேட்டையை அழிக்க முடியவில்லை. அலமேடா தெருப் பக்கம் அது இன்னும் பெரிதாக வளர்ந்தது. சலவைக் கடைகள், காய்கறி வண்டிகள், கோயில் என்று பல்லாண்டு வாழ்ந்த பேட்டையை இடித்துத் தரைமட்டமாக்கியது யூனியன் ஸ்டேஷன் என்ற ரயில் நிலையத் திட்டம்தான். 1939இல் திறந்த அந்த நிலையத்தில் இன்றும் கூட்டம் அலைமோதுகிறது. காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று அந்தப் பயணிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நினைவிடம் அங்கேயும் நீள வேண்டும். பழைய சந்துகள் போன தடத்தைத் தரையிலேயே கல் பதித்துக் காட்டலாம். எந்தக் கடை எங்கே இருந்தது என்று சீனத்திலும் பொறிக்கலாம். அப்புறம், நிழலும் உட்கார நல்ல பெஞ்சுகளும் வேண்டும். வயதானவர்கள் வந்து நின்றுகொண்டே படிக்க முடியாது.