எடிட்டிங் மென்பொருள் என்கிற தலைவலி

எப்பவாவது நாலு போட்டோ எடிட் பண்ற ஆளும் மாசாமாசம் சந்தா கட்டணுமாம். என்னங்க நியாயம்? அடோபியோட போட்டோ எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமை ஒரே தடவை காசு கொடுத்து வாங்கி வெச்சுக்கிற வழி 2015ல் வந்த ஆறாம் பதிப்போட முடிஞ்சுபோச்சு.

சரி, இலவசமா டார்க்டேபிள் இருக்கேன்னு திறந்தா எக்ஸ்போஷர், ஃபில்மிக், சிக்மாய்டு, டோன் ஈக்வலைசர்னு மாட்யூல்கள், அதாவது வேலைக்கொரு கருவி, வரிசை கட்டி நிக்குது. நிழல்ல இருக்கிற முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதாங்க கேட்டேன்! இன்னொரு இலவச மென்பொருள் கிம்ப்? ரா ஃபைலை, அதாவது கேமரா பதப்படுத்தாம அப்படியே பதிவு பண்ற ஃபைலை, அது தானா திறக்காது. டார்க்டேபிளோ, அதே மாதிரி ரா ஃபைலைத் திறக்கிற ராதெரபியோ கூட இருந்தாத்தான் வேலை நடக்கும். சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிக்கிறோம்.

இதைவிடக் கடுப்பு, ஒண்ணை விட்டு இன்னொண்ணுக்கு மாறுறது. நாம செஞ்ச மாற்றங்களைக் குறிச்சு வைக்கிற எக்ஸ்எம்பி ஃபைல் படத்துக்குப் பக்கத்துலயே சமர்த்தா உட்கார்ந்திருக்கும். படத்துக்குக் கொடுத்த ஸ்டாரும் கீவேர்டும் புது மென்பொருளுக்கு வந்து சேரும். ஆனா, மயிரிழை மயிரிழையா நகர்த்தி வெச்ச ஸ்லைடர்ல முக்கால்வாசி மறுபடி பூஜ்யத்துல நிக்கும்.

"ட்ரையல் போட்டுப் பாருங்களேன்"னு அறிவுரை வேற. மெனு பழகுறதுக்குள்ள ட்ரையலே முடிஞ்சுடுது. யாரைக் கேட்டாலும் அவங்கவங்க வெச்சிருக்கிறதுதான் உசத்தி. கேமரா கார்டுல படங்கள் அப்படியே கிடக்கு.